பெண்கள் தொட்டி

விலங்கியல் டீச்சர் கருத்தரிப்பைப் பற்றி வாய் வலிக்கப் பாடம் நடத்துவாள். எலிக்கு எத்தனை நாள், யானைக்கு எத்தனை மாதம், எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சொந்த வயிற்றில் வளர்வதைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. தற்காலிக ஆசிரியை பிள்ளை உண்டானால் அந்தப் பள்ளியில் யாரும் அவளை நீக்குவதில்லை. அடுத்த பருவத்துக்குக் கூப்பிட மறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். மறதி என்ன குற்றமா?

அதனால் இரண்டு அளவு பெரிய ஆய்வகக் கோட்டுக்குள் புகுந்துகொண்டு நடமாடினாள். கணவன்தான் தினமும் நச்சரித்தான்.

"எப்பதான் சொல்லப் போற? பிரசவ வார்டுல இருந்து போன் பண்ணித்தான் சொல்லுவியா?"

"வேலை நிரந்தரம் ஆகட்டும். அப்புறம் ஊரையே கூட்டிச் சொல்றேன்."

நிரந்தரம் ஆக ஒரே வழி, பள்ளித் தாளாளர் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு. தலைப்பு, விலங்குகள் எப்படிப் பெருகுகின்றன என்பது. டீச்சர் இரண்டு கண்ணாடித் தொட்டிகளில் கப்பி என்ற குட்டி போடும் சின்ன அலங்கார மீன் வளர்த்தாள். ஒன்றில் ஆணும் பெண்ணும், மற்றதில் பெண்கள் மட்டும். முதல் தொட்டியில் கூட்டம் பெருகும், இரண்டாவதில் பெருகாது. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற சோதனை.

மீன்களுக்குத்தான் புரியவில்லை. வகுப்பு நாளன்று காலையில் பெண்கள் தொட்டி முழுக்கக் குட்டிகள்.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். கப்பிப் பெண் ஆணோடு ஒருமுறை சேர்ந்தால் போதும், விந்தை உள்ளே சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குட்டி போடும். அவளே பரீட்சையில் கேட்டு, தெரியாதவர்களுக்கு முட்டை போட்ட கேள்வி இது. கடையில் ஆணும் பெண்ணும் ஒன்றாக நீந்தியதைப் பார்த்துத்தான் வாங்கினாள். தன் வயிற்றை மறைப்பதிலேயே புத்தி போனதால் மீனின் வயிற்றைக் கவனிக்கவில்லை.

"வடிகட்டியால அள்ளி அந்தத் தொட்டில போட்டுடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் வேதியியல் டீச்சர்.

அள்ளப் பார்த்தாள். குட்டிகள் கல்லிடுக்கில் ஒளிந்துகொண்டு கண்ணாமூச்சி ஆடின. மணி அடித்துவிட்டது.

தாளாளர் தலைமையாசிரியையோடு வந்தவர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே தொட்டியில் மூக்கை வைத்தார்.

"பொம்பளை மீன் மட்டும்னு ஒட்டியிருக்கீங்க. அப்ப இதெல்லாம் வானத்துல இருந்து குதிச்சுதா?"

"என் தப்புதான் சார். வாங்கும்போதே சினையா இருந்திருக்கு," என்றாள் டீச்சர். இனி போனால் போகட்டும் என்று பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "ஆண் துணையே இல்லாம இப்படி ஒரே ஒரு தாய் புதுக் குளத்துக்குப் போனாலும் போதும். அங்க ஒரு கூட்டமே உருவாகும். தீனியும் இடமும் இருக்கற வரைக்கும் அது பெருகிட்டே போகும். அது பத்தாமப் போனா நின்னுடும்."

வகுப்பு வாயைப் பிளந்து கேட்டது. தாளாளர் உருகியே போனார்.

"அடேயப்பா! வயித்துல சுமந்துகிட்டே புது இடத்துல பொழைக்குதே, அதுதான் தாய்மை! டீச்சர், நாளைக்கே உங்களுக்கு நிரந்தர உத்தரவு." பிள்ளைகள் கைதட்டினார்கள். "இந்தத் தொட்டிய என் ரூம்ல வச்சிடுங்க. தாய் மீனுக்கு நல்ல தீனியா வாங்கிப் போடணும்."

டீச்சருக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மீனாகப் பிறந்திருந்தால் தாளாளர் அறையில் இடம் கிடைத்திருக்கும். போகட்டும், ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டால் உத்தரவு கைக்கு வந்துவிடும்.

ஆய்வக உதவியாளர் தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். தலைமையாசிரியை பதறினார்.

"மெதுவா, மெதுவா! உள்ள சினை மீன் இருக்கு, அலுங்கக் கூடாது. டீச்சர், நீங்க ஏன் சும்மா நிக்கறீங்க? ரெண்டு மாடிதானே, அந்தப் பக்கம் பிடிங்க."

டீச்சர் குனிந்து பிடித்தாள். தண்ணீரின் கனம் இடுப்பில் இறங்கியது. கையை எடுத்துவிட்டாள்.

"என்னால முடியாது மேடம். எனக்கு இது ஆறாம் மாசம்."

தலைமையாசிரியை தாளாளரைப் பார்த்தார். தாளாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இது எப்படி எங்களுக்குத் தெரியாமப் போச்சு?"

"எங்களுக்குத் தெரியுமே சார்," என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. "நாங்க ஏழுன்னு நெனச்சோம்."

தாய்மையைப் புகழ்ந்த வாய் இன்னும் காயவில்லை. நிரந்தர உத்தரவு என்று அவர் கொடுத்த வார்த்தையை வகுப்பே கைதட்டிக் கேட்டிருந்தது. தாளாளர் அதை விழுங்கப் பார்த்தார், இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டியின் மறுபக்கத்தைத் தாமே பிடித்தார். தண்ணீர் தளும்பி அவர் சட்டையை நனைத்தது.

"உத்தரவு இன்னைக்கே கிடைக்குமா சார்?" என்று கேட்டாள் டீச்சர்.

"குடுத்துடலாம்மா," என்றார் அவர் முனகிக்கொண்டே. "முதல்ல அந்தக் கதவத் திறந்து விடுங்க."