காயப் பட்டியல்

ஹாரன் மூன்றாவது முறை அலறியபோதும் அவன் தலை நிமிரவில்லை. ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று எடைமேடையின் நடுவில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் இருபத்தாறாயிரத்துச் சொச்சத்தில் நடுங்கி நின்றுவிட்டன. ஒரு பொத்தானை அமுக்கினால் சீட்டு வந்துவிடும். அமுக்கத்தான் கை இல்லை. இரண்டு கட்டைவிரல்களும் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்தன. மணி நாலு நாற்பத்தாறு. வீரர்களை வாங்க, விற்கக் கால்பந்து லீக் கொடுத்திருந்த கெடு ஐந்து மணிக்கு முடிகிறது.

"யோவ், தூங்கிட்டியா? சீட்டக் குடுய்யா!"

"ரெண்டே நிமிஷம்ணே."

"வந்ததுலேர்ந்து இதத்தான் சொல்ற. உள்ள என்ன, பரீட்சையா எழுதுற?"

பரீட்சைதான். சற்று முன்புதான் அவன் ரசிகனாக இருக்கும் கிளப் புது ஸ்ட்ரைக்கர் ஒருவனை எடுத்திருப்பதாக அறிவித்திருந்தது. சம்பளம் அறுபத்து நாலு லட்சம். ஊரே ஆனந்தக் கூத்தாடியது. அவன் மட்டும் தன் கணக்கைத் திறந்தான். லீக்கில் எந்த கிளப்பும் வீரர்களின் சம்பளத்துக்கு வருடத்தில் எண்ணூறு லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. யாருக்கு எவ்வளவு என்பதையும் லீக்கே வெளியிடும். கிளப் ஏற்கெனவே எழுநூற்று எண்பத்தொன்பதில் நின்றது. அறுபத்து நாலைச் சேர்த்தால் எண்ணூற்று ஐம்பத்து மூன்று. எப்படி உள்ளே அடைத்தார்கள்?

ஒரே ஒரு வழிதான் உண்டு. சீசன் முழுக்க ஆட முடியாத அளவுக்கு அடிபட்டவனைக் காயப் பட்டியலில் போட்டால், அவன் சம்பளம் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். உச்சவரம்புக் கணக்கில் மட்டும் சேராது. அவன் பெயர்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தான். ஒருவனைக் கழித்தபோதுதான் பூட்டு திறந்தது. ஐம்பத்தாறு லட்சம். மிச்சம் எழுநூற்றுத் தொண்ணூற்றேழு. தடுப்பாட்டக்காரன், பதினொரு வருடமாக கிளப்பில் இருப்பவன். ரசிகர்கள் அவனைச் 'சுவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு நிமிடமும் ஆடிவிட்டு, கூட்டத்துக்குக் கைகாட்டிவிட்டுப் போனவன்.

லீக்கின் பக்கத்தைப் புதுப்பித்தான். காயப் பட்டியலில் சுவரின் பெயர். காரணம்: வலது முழங்கால்.

அக்காவுக்கு போன் அடித்தான். அவனுடைய சொந்த அக்காதான் அந்த கிளப்பின் பிசியோதெரபிஸ்ட். வீரர்களின் கெண்டைக்கால் ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்லக்கூடியவள். முதல் அழைப்பைத் துண்டித்தாள். இரண்டாவதையும் துண்டித்தாள். பிறகு ஒரு செய்தி வந்தது: 'எதுவும் எழுதாத. வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்.'

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது அவனுக்கு. பொய் இல்லை என்றால் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாளே! எதற்கு எழுதாதே என்கிறாள்?

மூன்று வருடம் முன்பு எதிரணி ஒன்று இதே வேலையைச் செய்தபோது, கண்டுபிடித்து எழுதியவன் அவன்தான். அன்று வந்த பெயர்தான் 'எடைக்கல்'. எடைமேடைக்காரன் என்று கேலியாக ஆரம்பித்தது, பன்னிரண்டாயிரம் பேர் படிக்கும் இணையப் பக்கமாக வளர்ந்து நின்றது. இன்று வாயை மூடிக்கொண்டால் நாளைக்கு அந்தப் பன்னிரண்டாயிரம் பேரும் என்ன கேட்பார்கள்? உன் டீம்னா மட்டும் எடைக்கல் எளகிடுமா? அதற்கும் மேலே ஒன்று இருந்தது. கணக்கு சரி என்று தெரிந்தபிறகு அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அவனால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

நாலு ஐம்பத்து மூன்றுக்குப் பதிவு ஏறியது. 'ஞாயிற்றுக்கிழமை ஓடிய முழங்காலுக்கு வியாழக்கிழமைக்குள் என்ன ஆயிற்று?' கீழே கூட்டலும் கழித்தலும். பிறகு நிதானமாகச் சீட்டை அடித்து நீட்டினான்.

"எறநூறு கிலோ அதிகம்ணே. எறக்கிட்டுத்தான் போகணும்."

"எறநூறு கிலோவுக்கு உலகமா கவுந்துடும்?"

"அளவுன்னா அளவுதான்ணே."

டிரைவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன்னையெல்லாம் பெத்தாங்களா, முத்திரை குத்தி வாங்குனாங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தான்.

அக்கா வீடு திரும்பியபோது மணி ஏழு. இரண்டு அறை, ஒரு சமையலறை, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கதவு இல்லாத ஒரு வாசல். அம்மா போனபிறகு அந்த வீட்டில் இரண்டே பேர்தான். அவள் காலணியைக் கழற்றவில்லை. கையிலிருந்து வலித் தைலத்தின் நெடி எப்போதும்போல் அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது.

"எழுதாதன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. ஏன்னு சொல்லலையே."

"சொல்ல முடியாதுடா. என் வேலை அப்படி."

"அப்ப நான் ஒண்ணு கேக்கறேன். என் கணக்கு தப்பா?"

அவள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள். "கணக்கு சரிதான். உன் கணக்கு என்னிக்குத் தப்பாச்சு?"

"அப்புறம் என்ன?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தாள். சோப்புப் போட்டாள், கழுவினாள், மறுபடியும் போட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, "அந்தப் படிவத்த யார் எழுதறாங்கன்னு தெரியுமா ஒனக்கு?" என்றாள்.

அவனுக்குத் தெரியவில்லை. லீக்கின் விதிப்புத்தகம் தலைகீழ்ப் பாடம். ஆனால் கிளப்பின் டாக்டர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார், காயப் படிவங்களை நிரப்புவது அக்கா, அவள் விரல் வைக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டர் போய்விடுவார் என்பது எந்த விதியிலும் இல்லை.

"ஒன் பேரு அதுல இருக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சிருந்தா?"

அவன் எட்டிக் குழாயை மூடினான்.

அடுத்த பத்து நாட்கள் எல்லாம் அவன் கணக்குப் போட்டபடியே நடந்தன. விசாரணை வந்தது. லீக் அனுப்பிய மருத்துவர் சுவரின் முழங்காலை மடக்கி, நீட்டி, படம் எடுத்து, இருபது வயதுக்காரனின் முழங்கால் போலிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். கிளப்புக்கு ஆறு புள்ளி வெட்டு. புது ஸ்ட்ரைக்கர் கொண்டுவந்த பெட்டியைப் பிரிக்காமலே திரும்பிப் போனான். சுவரின் பெயர் காயப் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. பெயருக்குச் சேர்த்துக்கொண்டு ஒளித்துவைக்கக் கூடாது என்று இன்னொரு உத்தரவும் வந்தது: அடுத்த மூன்று ஆட்டங்களுக்கு அவன் அணியில், மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சிலாவது, இருந்தே ஆக வேண்டும். டாக்டர் தன் வயதைக் காட்டித் தப்பித்துக்கொண்டார். பொய்ச் சான்று எழுதியதாக அக்காவுக்கு இரண்டு வருடத் தடை. விசாரணையில் அவள், "ஆமாம், நான்தான் எழுதினேன்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லையாம். சுவரும் பேசவில்லையாம்.

எடைக்கல்லின் பக்கத்துக்கு இப்போது நாற்பதாயிரம் பேர். வீட்டில் பேச்சு என்பது 'கதவப் பூட்டிக்கோ', 'சிலிண்டர் தீந்துடுச்சு' என்ற அளவில் நின்றுபோனது. அவன் வேலைக்குக் கிளம்பும்போது அவள் படுத்திருந்தாள். திரும்பும்போதும் படுத்திருந்தாள். பதினைந்து வருடம் விடியலில் எழுந்து மைதானத்துக்கு ஓடிய உடம்பு, போக இடமில்லாமல் சுருண்டு கிடந்தது. அவன் மன்னிப்புக் கேட்க நினைத்தான். ஆனால் எதற்கு என்று ஆரம்பிப்பது? உண்மையைச் சொன்னதற்கா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனுக்கு விடுப்பு. கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், வாசலை அடைத்துக்கொண்டு சுவர் நின்றான். கையில் ஓர் அட்டைப்பெட்டி. கிளப்பில் அக்கா விட்டுவந்த கத்தரி, ஒட்டுநாடா, கைப்பிடி உடைந்த ஒரு கோப்பை. பதினொரு வருடம் கேலரியிலிருந்து பார்த்த முகம், கைநீட்டும் தூரத்தில்.

"நீதான் அந்தக் கணக்குப்புலியா?" சுவர் சிரித்தான். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நல்லா கூட்டுறப்பா. கழிக்கறது அதவிட நல்லா வருது. என்னையே கழிச்சுக் கண்டுபிடிச்சிட்டியே!"

இரண்டு மாடி ஏறியதற்கு அவன் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றபிறகே சமையலறைக்குள் போனான். அக்கா எழுந்து வந்திருந்தாள். இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள். கூடத்திலிருந்தவன் காதில் சிதறல்கள்தான் விழுந்தன.

"மூணு மேட்ச்தானே? பெஞ்சுல ஒக்காந்துட்டு வந்துடறேன்."

"எறங்கச் சொன்னா?"

"கால் பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லிடறேன். எறங்க மாட்டேன். என் பொண்ணுங்க மேல சத்தியம்."

போகும்போது சுவர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அன்று முழுக்க அவனுக்கு மனது கொதித்தது. ஆட வேண்டியவன் ஆடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறான்! அக்காவுக்காகக் கிளப்பைப் பழிவாங்குகிறானா? ஆறு புள்ளி போய், அணி கீழ்ப் பிரிவில் விழும் விளிம்பில் தொங்குகிறது. ஞாயிறு காலை தன் இணையப் பக்கத்தில் எழுதினான்: 'முழங்கால் நன்றாக இருக்கிறது என்று லீக்கே சொல்லிவிட்டது. இனி சுவருக்கு பெஞ்சில் என்ன வேலை? மைதானத்தில் கேட்போம்.'

மாலை நாலு மணி ஆட்டம். அவன் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். அக்கா நாற்காலியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தடைக்குப்பிறகு அவள் பார்க்கும் முதல் ஆட்டம். கேமரா பெஞ்சைக் காட்டும்போதெல்லாம் அவள் கை நின்றது. சுவர் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். எழுபத்தொன்றாவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில், நடுவில் ஆடிய இளம் தடுப்பாளன் தொடையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். கோச் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். சுவர் குனிந்து காலைப் பிடித்துவிட்டபடி, முடியாது என்பதுபோல் தலையசைத்தான்.

அப்போதுதான் அது ஆரம்பித்தது. முதலில் வடக்குக் கேலரியில் ஒரு மூலை. பிறகு மைதானம் முழுக்க. 'சுவர்! சுவர்! சுவர்!'

"பாத்தியாக்கா? நான் எழுதினதுதான்! மொத்த ஜனமும் கேக்குது பாரு!"

சுவர் தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். ஒரு சுற்று, மெதுவாக. பிறகு எழுந்தான். ஜிப்பைக் கீழே இழுத்தான்.

மடித்த துணி தரையில் விழுந்தது. அக்கா கைபேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினாள். காதில் வைத்தாள், எடுத்தாள், வேறொரு எண்ணை அழுத்தினாள். "எடுங்க... யாராவது எடுங்கடா... பாவிங்களா, ஒருத்தனாவது எடுங்களேன்..."

"என்னக்கா? என்ன ஆச்சு?"

"காயம் பொய்யில்லடா."

"முழங்கால் சுத்தமா இருக்குன்னு அவங்க டாக்டரே..."

"முழங்கால்னு எழுதினதுதான் பொய்." அவள் கண் திரையை விட்டு அகலவில்லை. "அவங்க முழங்காலத்தான் பாத்தாங்க. நீயும் அதத்தான் பாத்த. அந்த ஞாயித்துக்கெழம மேட்ச் முடிஞ்சு உள்ள வந்ததும் மயங்கி விழுந்தான். யாருக்கும் தெரியாம நான்தான் வெளிய கூட்டிட்டுப் போயி ஸ்கேன் எடுத்தேன். இதயத் தசை தடிச்சுப் போயிருக்கு. ஓடினா எந்த நிமிஷம் வேணா நின்னுடும்னுட்டாங்க."

அவனுக்கு விதி எண் தன்னால் நினைவுக்கு வந்தது. ஆட்டத்தில் பட்ட காயமென்றால் சம்பளம் ஒப்பந்தம் முடியும்வரை ஓடும். உடம்போடு வந்த நோயென்றால் ஒப்பந்தம் அன்றைக்கே ரத்து.

"ஒப்பந்தத்துல மிச்சமிருந்த பதினோரு மாசம் மட்டும்தான் கேட்டான்," என்றாள் அக்கா. "அது முடிஞ்சதும் பூட்ஸக் கழட்டிடறேன்னான்."

திரையில், நடுக்கோட்டு ஓரம், நாலாவது நடுவர் பச்சை எண் ஒளிரும் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தார். சுவர் கோட்டில் நின்று இரண்டு முறை துள்ளிப் பார்த்தான். விசில் ஒலித்தது. முப்பதாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்ட, அவன் முழு வேகத்தில் உள்ளே ஓடினான். அக்காவின் காதில் மறுமுனை மணி அடித்துக்கொண்டே இருந்தது.