இடப்பக்கம் முதலில்

“அண்ணே, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க” என்று இளமதி கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பியபோதே அலெக்ஸுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. விராலிமலையில், லாரிகளை நிறுக்கும் எடைமேடைகளுக்கு மென்பொருள் செய்யும் சின்னக் கம்பெனி அது. மேடைக்காரர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதிக்கொள்ள, கம்பெனியில் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் மொழி செய்தார்கள். எழுதிய கணக்கைக் கிளை கிளையாக, மரமாகப் பிரிக்கும் பார்சரை அலெக்ஸ் மாதக்கணக்கில் உட்கார்ந்து முடித்தான். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மரத்தைக் கம்ப்யூட்டர் வரிசையாக ஓட்டும் கட்டளைகளாக, பைட்கோடாக மாற்றும் கம்பைலரை இந்த இளமதி, நேற்றுப் பெய்த மழையில் முளைத்த காளான், அறந்தாங்கியிலிருந்து வந்தவள், ஒரே வாரத்தில் முடித்தாள். முதலாளி எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக்கொடுத்தார். வெட்கமில்லாமல் அவனும் தின்றான்.

பார்த்ததுமே பிழை பிடிபட்டது. கணக்கில் முதலில் வரும் எண்தான் மரத்தின் இடது கிளை, அதை பைட்கோடில் முதலில் இறக்கிவிட்டுப் பிறகு வலது கிளையை இறக்கவேண்டும். அவள் மாற்றி இறக்கியிருந்தாள். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் எது முன்னால் வந்தாலும் ஒன்றுதான். அவள் சோதித்ததும் அவற்றை மட்டும்தான். கழித்தால் குட்டு உடையும். உடையட்டும் என்று நினைத்தான்.

“நல்லாத்தான் இருக்கு” என்றான்.

மறுநாள் அதை ஓட்டிப் பார்க்க இருவரும் போயிருந்த நாகராசுவின் எடைமேடையில் கருங்கல் லாரி ஏறியது. பாரத்தோடு உள்ள எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தார்கள். கல்லின் எடை பூஜ்யத்துக்கும் கீழே போய் நின்றது.

“ஏம்மா, நாந்தான் லாரிக்குக் கல்லு குடுக்கணும் போலருக்கே” என்றார் நாகராசு.

இளமதியின் முகம் செத்துப்போனதை அலெக்ஸ் ஆசையாகப் பார்த்தான். அந்த ஆசை தீருமுன் அவள் நின்றபடியே கழித்தலை மட்டும் திருத்தி மறுபடி ஓடவிட்டாள். எடை சரியாக வந்தது.

“கண்ணு முன்னாடியே சரி பண்ணிருச்சே. கெட்டிக்காரப் புள்ள” என்று நாகராசு இளநீர் வெட்டச் சொன்னார். முதல் காய் அவளுக்கு, இரண்டாவது அலெக்ஸுக்கு. வாயை மூடிக்கொண்டு இவளுக்குத் தானே பேர் வாங்கிக்கொடுத்திருக்கிறோமே என்று நினைக்க நினைக்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இதையே டன்னாக் காட்டச் சொல்லும்மா” என்றார் நாகராசு.

“அண்ணே, ஆயிரத்தால வகுத்தாப் போதும்ல?” இளமதி அவனைத்தான் கேட்டாள்.

வகுத்தலும் தலைகீழாகத்தான் கிடந்தது. அதை அவள் தொடவில்லை. அவள் கண்ணில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை, அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு முறையாவது முறைத்திருந்தால் தேவலை.

அவள் விரல் பட்டன் மேல் காத்திருந்தது. நாகராசுவும் அவன் பக்கம் திரும்பினார். அலெக்ஸ் இளநீரில் வாயை வைத்தான், உறிஞ்சவில்லை.