டெரெக் வாயால் ஒரு பெயர்

டெரெக் வீட்டை விட்டுப் போனபோது டிவியை எடுத்துக்கொண்டான், நல்ல நாற்காலி இரண்டையும் எடுத்துக்கொண்டான். மட்டக்குதிரையை மட்டும் பெண்டாட்டி நோரீனிடம் விட்டுவிட்டான். ஷெரிலின் காரில் அது ஏறாது. ஷெரில் ஏரிக்கரை கேரவன் பார்க்கில் விடுமுறைக்குத் தங்க வருகிறவர்களுக்குச் சாவி கொடுக்கிறவள். டெரெக்குக்கு என்ன சாவி கொடுத்தாள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். நோரீனுக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

குதிரையின் பெயர் ட்ரீக்கிள். கருப்புப் பாகு என்று அர்த்தம். இனிப்பெல்லாம் பெயரோடு சரி. வட இங்கிலாந்தில் எங்கள் கம்பிரியா மலைகளுக்கே உரிய ஃபெல் இனம். கன்னங்கரேல் உடம்பு, பீப்பாய் வயிறு, குளம்பை மூடித் தொங்கும் கால்மயிர். டெரெக் அதை வாங்கியது வேலியில் சாய்ந்துகொண்டு "நம்ம குதிரை" என்று வருகிறவர் போகிறவரிடம் காட்டத்தான். சாணி அள்ளினது நோரீன்.

பள்ளிக்கூடச் சமையலறையில் நானும் அவளும் ஒன்றாகத்தான் உருளைக்கிழங்கு மசிக்கிறோம். ஒரு நாள் மசித்துக்கொண்டே சொன்னாள்:

"மேவிஸ், கோடை ஷோவுல நான் குதிரை ஏறப்போறேன்டீ."

"உனக்கு இடுப்பெலும்பு மாத்தி இன்னும் தையல்கூடக் காயல."

"புது இடுப்பு. அதுதான் என் உடம்புலயே நல்ல பாகம்."

"ஏன்டீ, திடீர்னு?"

"ஷோவுல மைக் பிடிக்கிறது யாரு?"

டெரெக்தான். ஊர்க் கால்நடைக் கண்காட்சிக்கு வருஷா வருஷம் அவன்தான் அறிவிப்பாளன். ஆட்டுக்கடா பரிசு வாங்கினாலும் ஏதோ தானே பெற்றெடுத்த மாதிரி அறிவிப்பான்.

"அவன் வாயால என் பேரைச் சொல்லணும்" என்றாள். "அவன் குடுத்த பேரு இல்ல, எங்கப்பா பேரு. மிஸ் நோரீன் டைசன்னு ஊரே கேக்க அந்தக் கழுதை கூவணும்."

மசித்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உதவிக்கு வருகிறேன் என்றேன்.

வசந்தம் முழுக்கக் கீழ்வயலில் ஆடுகளுக்கு நடுவே வட்டம் போட்டார்கள் நோரீனும் ட்ரீக்கிளும். பக்கத்துப் பண்ணைக்காரி ஆலிசன் இளவயதில் நிறைய ஷோ ஏறினவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவாள். "குதிரை நல்லாத்தான் போகுது நோரீன்! மேல இருக்கிற மூட்டைதான் ஆடுது!" நோரீன் அங்கிருந்தே பதில் சொல்வாள், அதை இங்கே எழுத முடியாது. ஆனால் மே மாதம் முடிவதற்குள் மூட்டை ஆடுவது நின்றுவிட்டது. ட்ரீக்கிள் பாய்ச்சலில் போகும்போது நோரீனின் முகத்தைப் பார்த்தேன். வாயெல்லாம் சிரிப்பு. கல்யாணப் போட்டோவில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

ஷோ அன்று விடியற்காலையில் நான் ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு ட்ரீக்கிளின் பிடரிமயிரைச் சின்னச் சின்னதாகப் பின்னி, ரப்பர் பேண்டு போட்டுவிட்டேன். டிவியில் அப்படித்தான் பார்த்திருந்தேன். குதிரையை வண்டியிலிருந்து மைதானத்தில் இறக்கியதும் ஆலிசன் தலையில் கை வைத்தாள்.

"அட கடவுளே! மலைக்குதிரைக்கு எவளாவது ஜடை போடுவாளா? மயிர் எப்படி வளந்திருக்கோ அப்படியே விடணும். அவுருடீ, அவுரு!"

அவிழ்த்தேன். பின்னின இடமெல்லாம் நெளிந்து, ட்ரீக்கிள் பார்லரில் சுருள்வைத்துக்கொண்டு வந்த பாட்டுக்காரி மாதிரி நின்றது. தண்ணீர் தெளித்தேன், இன்னும் சுருண்டது. நோரீனுக்கு என்னைத் திட்டக்கூட நேரமில்லை, மலைக்குதிரைப் பிரிவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆறு குதிரைகள். ஒவ்வொன்றாகக் களத்துக்குள் போகப் போக டெரெக் மேடையிலிருந்து பெயர் வாசித்தான். நோரீனின் முறை வந்ததும் ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் கரகரத்தது.

"அடுத்து... ட்ரீக்கிள். ஏறி வர்றது..." இருமினான். "மிஸ் நோரீன் டைசன்."

நோரீன் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

நன்றாகத்தான் போனார்கள். நடுவர் மிஸஸ் டின்னிங், இறகு வைத்த தொப்பி, சிரித்தே அறியாத உதடு. எல்லாரையும் ஓடவிட்டுப் பார்த்து வரிசை கட்டியபோது நோரீனை மூன்றாவதாக நிறுத்தினாள். நான் களத்தைச் சுற்றின கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று சந்தோஷத்தில் குதித்தேன். ஒவ்வொருவரும் தனியாக ஓட்டிக் காட்டியபின், சேணத்தைக் கழற்றி உடற்கட்டைக் காட்ட வேண்டும். அதற்கு உதவியாளர் உள்ளே போகலாம் என்பதால் நானும் பிரஷோடு போனேன். அதுவும் நன்றாகவே முடிந்தது. திரும்பச் சேணத்தைக் கட்டினேன்.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. வீட்டில் நோரீன் ஏறுவது பழைய குளியல்தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நின்றுதான். காலையில் வண்டிப் படியில் நின்று ஏறிவிட்டாள். களத்துக்குள் தொட்டி ஏது, படி ஏது? இடது கால் அங்கவடி உயரத்துக்குத் தூக்க வராது. நானோ ஐந்தடிகூட இல்லை. அவள் காலைப் பிடித்துத் தூக்கினேன். தூக்கியதில் என் தொப்பிதான் விழுந்தது.

மற்றவர்கள் ஏறிச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். டெரெக்குக்கு வாய் சும்மா இருக்குமா?

"ட்ரீக்கிள் பக்கம் ஏதோ சிரமம் போல. கொஞ்சம் பொறுமையா இருப்போம், வயசாச்சு இல்லையா!"

கூட்டம் சிரித்தது. களப் பொறுப்பாளர் உதவ ஓடிவந்தார். நோரீன் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க வேணாம்ங்க. யோவ் டெரெக்! இறங்கி வாய்யா இங்க! பேசின வாய்க்கு வேலையும் செய்யட்டும்!"

மைதானமே கைதட்டியது. வராமல் இருக்க முடியுமா? வந்தான், முகம் பீட்ரூட் மாதிரி. குனிந்து அவள் முழங்காலைப் பிடித்தான். கழுத்தில் மாட்டியிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டான்.

"ஒண்ணு, ரெண்டு..." என்றவன் நிறுத்திக்கொண்டான். "நோரீன், சாமி உன்னைத் தேடுது."

சாமி அவர்கள் வளர்த்த நாய். அதையும்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தான்.

"என்ன ஆச்சு அதுக்கு?"

"ஷெரிலுக்கு நாய்முடி ஆகாது. வெளிய கொட்டகையிலதான் கட்டிப்போட்டிருக்கு. ராத்திரியெல்லாம் அழுவுது. எனக்கும்..." மூக்கை உறிஞ்சினான். "எனக்கும் அங்க அவ்வளவா ஒத்துவரல."

இது அவ்வளவும் நான்கு ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. கேக் விற்கும் கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஷெரிலுக்கும் கேட்டது; அவள் கோப்பையை டக்கென்று வைத்த சத்தம் மட்டும்தான் களத்துக்குக் கேட்கவில்லை.

மைக் அணையவில்லை என்பது நோரீனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் நிதானமாகச் சொன்னாள்: "சாமியைக் கொண்டாந்து விடு. நீ அங்கயே இரு. இப்ப தூக்கு."

தூக்கினான். அவள் ஏறி உட்கார்ந்து, கடிவாளத்தைச் சேர்த்துப் பிடித்து, மற்றவர்களுக்குப் பின்னால் சுற்றப் போய்விட்டாள். டெரெக் நடுக்களத்தில் வெறுங்கையோடு நின்றான். மிஸஸ் டின்னிங்தான் அவன் தோளைத் தட்டி மைக்கைச் சுட்டிக் காட்டினாள்.

நோரீனுக்கு நான்காம் இடம். பச்சை ரிப்பனைக் குத்திவிடும்போது நடுவர் சொன்னாள்: "குதிரை மூணாவது இடத்துக்குத் தகும். நீங்க ஏறின விதத்துக்கு ஒரு இடம் குறைச்சேன். அடுத்த மாசம் பள்ளத்தாக்கு ஷோவுக்கும் நான்தான் வர்றேன். வாங்க."

அந்த உதடு சிரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆலிசன் நம்ப மறுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் நோரீன் வீட்டுச் சமையலறையில் இருந்தபோது டெரெக் நாயைக் கொண்டுவந்தான். நோரீன் கேட்டின் மேலாகக் கையை நீட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டாள். சாமி கேட்டின் அடியில் நுழைந்து அவள் பூட்ஸின்மேல் படுத்துவிட்டது. டெரெக் போகாமல் நின்றான்.

"டீ போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்" என்றாள் நோரீன். நாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் ஏற்கெனவே இரண்டு கோப்பைதான் எடுத்து வைத்திருந்தேன்.