ஐம்பது கையெழுத்து

“மூணாவது வரியைப் படிங்க. சத்தமா.”

“மாவட்டம் இருபத்தி…”

“அது ரெண்டாவது. அடுத்தது.”

“போட்டியிடும் பதவி: மாநில மேலவை.”

வாய்விட்டுப் படித்த பிறகுதான் மார்லிஸ் ட்வைட்டுக்கு அது உறைத்தது. எதிரே காப்பிக் கோப்பையுடன் உட்கார்ந்திருந்த டார்வின் கோஸ்டல் முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“கீழவைன்னு எழுதியிருக்கணும், செனட்டரம்மா.”

“தெரியுது டார்வின்.”

எட்டு வருடங்களாக மேலவை என்றே எழுதி வந்த கை அது. இரண்டு வருடத்துக்கொரு தேர்தல், தொடர்ந்து நான்கு முறை; அதற்கு மேல் அதே அவையில் இருக்க முடியாது என்பது சட்டம். பக்கத்து அவைக்குப் போகத் தடையில்லை. கீழவையில் டார்வினுக்கும் இந்த வருடத்தோடு எட்டு முடிகிறது. அவர் மேலே வருவது, அவள் கீழே போவது என்று போன கோடையில், மாவட்டச் சந்தையின் பன்றிக் கொட்டகைக்கு வெளியே நின்றபடி பேசி முடித்திருந்தார்கள். மிசௌரி ஆற்றுக்கு மேற்கே இப்படி இடம் மாறிக்கொள்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

“அடிச்சுத் திருத்திட்டா?”

“கையெழுத்து வாங்கினப்புறம் தலைப்பைத் தொட்டா மொத்தமும் செல்லாது. உங்களுக்குத் தெரியாததா?”

வேட்புமனுவுக்குச் சொந்தக் கட்சியில் பதிவான வாக்காளர்கள் ஐம்பது பேராவது கையெழுத்திட வேண்டும். அவளிடம் இருந்தவை அறுபத்திரண்டு கையெழுத்துகள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் லூதரன் தேவாலயத்தில் காப்பியும் கேக்கும் பரிமாறி வாங்கியவை. எல்லாம் வெறும் காகிதமாகிவிட்டன. டார்வின் இரண்டு மனுக்களையும் சேர்த்துத் தலைநகருக்குக் கொண்டுபோகத்தான் வந்திருந்தார். இன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். அதுவும் தலைநகரின் ஐந்து மணி. அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும். இங்கே அப்போது நாலுதான்.

சுவர்க் கடிகாரத்தில் பத்தரை ஆகியிருந்தது. தலைநகருக்கு வண்டியில் ஒன்றேமுக்கால் மணி நேரம். அதற்கு முன் நீதிமன்றக் கட்டிடத்தில், இவற்றை நானே நேரில் வாங்கினேன் என்று சத்தியம் செய்து முத்திரை வாங்க வேண்டும். அப்படியானால் மதியம் ஒன்றேமுக்கால் மணிக்குள் ஐம்பது பேர்.

“நான் கிளம்பறேன். என்னோடதையாவது குடுக்கணும்ல” என்று டார்வின் எழுந்தார். வாசலில் நின்று தொப்பியைத் திருகினார். “மார்லிஸ், வரமுடியலைன்னா போன் பண்ணுங்க. அங்க ஆபீஸ் வாசல்லயே நின்னுக்கிட்டு இருப்பேன்.”

அவள் உடனே கொட்டகைக்குப் போன் போட்டாள்.

அவள் கணவன் வெர்லின் கொட்டகையிலிருந்து கை கழுவாமல் ஓடிவந்தான். கன்று ஈனும் மாதம்; இரண்டு வாரமாக அவன் உடை மாற்றித் தூங்கியதில்லை. விஷயத்தைக் கேட்டதும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“புது படிவம் இருக்கா?”

மேசை இழுப்பறையில் இருந்தது. ‘கீழவை’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். வெர்லின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தான். பிறகு முதல் வரியில் அவனே கையெழுத்துப் போட்டான்.

செவ்வாய்க்கிழமை என்பது ஒன்றுதான் அதிர்ஷ்டம். மாட்டு ஏல நாள். ஏலக் கொட்டகையின் சாப்பாட்டுக் கவுண்டரில் ஆண்கள் வரிசையாகக் குனிந்து, குழம்பு ஊற்றிய மாட்டிறைச்சி ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்கள். மார்லிஸ் அட்டையையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு ஒரு முனையிலிருந்து தொடங்கினாள்.

“போன வாரம்தானே போட்டேன்?”

“அது செல்லாது க்ளென். மறுபடி போடுங்க.”

“என் கையெழுத்து செல்லாதுன்னு பேங்க்காரன்தான் சொல்லுவான். நீயுமா?”

பக்கத்து ஸ்டூல்காரர் வாயில் ரொட்டியோடு, “டார்வினும் நீங்களும் நாற்காலி மாத்திக்கிறீங்களே, அந்த ஆள் எட்டு வருஷம் உக்காந்து அழுத்தின குஷன் உங்களுக்குச் சரிப்படுமா?” என்றார். கவுண்டரே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண் கடிகாரத்துக்குப் போனது. போட்டவர்களில் மூன்று பேர் எதிர்க் கட்சியில் பதிவு செய்தவர்கள் என்று பிறகு தெரிந்து கோடு போட்டு அடித்தாள். அவை போகச் செல்லுபவை முப்பத்தொன்று.

அப்புறம் வீடு வீடாக. வீடு என்று எங்கே. யாரும் வீட்டுக்குள் இல்லை. ஒருவன் தோள்வரை பசுவுக்குள் கையை விட்டிருந்தான்; “பேனாவை வாய்ல குடுத்தாத்தான் போட முடியும்” என்று கத்தினான். அவன் மனைவி கையுறையைப் பல்லால் கழற்றி வண்டியின் முகப்பில் வைத்துப் போட்டாள். காகிதத்தின் ஓரத்தில் சேறு. செல்லுமா? செல்லும் என்றான் வெர்லின். அவனுக்கு எப்படித் தெரியும்?

உருகும் பனியில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. முதியோர் இல்ல மசோதாவுக்காகத்தான் இவ்வளவும் என்று மார்லிஸ் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஊரில் இருந்த இல்லத்தை மூடி இரண்டு வருடமாகிறது. அதைத் திறக்க அவள் கொண்டுவந்த மசோதா இந்த முறை இரண்டே வாக்கில் தோற்றது. இன்னொரு தவணை கிடைத்தால் அந்த இரண்டைப் பிடித்துவிடுவாள். உண்மைதான். ஆனால் மூன்றாவது வரியைப் படித்த நொடியில் அவள் கண்முன் வந்தது மசோதா அல்ல. அவை கூடும் ஜனவரி மாதம், தலைநகருக்குப் பெட்டி கட்டாமல், அவையில் யாரும் அவள் பெயரைக் கூப்பிட்டு வாக்கைக் கேட்காமல், சமையலறையில் நின்று வெள்ளை வெளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். அவள் யாரென்று மார்லிஸுக்குத் தெரியவில்லை.

மணி ஒன்று இருபத்தைந்து. கையெழுத்து நாற்பத்தொன்பது.

“நீதிமன்றத்துல யாராச்சும் போடுவாங்க” என்றாள்.

“முத்திரை குத்தற டோனா எதிர்க் கட்சி. மத்த ரெண்டு பேரும் சாப்பாட்டுக்குப் போயிருப்பாங்க. வழியில இருக்கிறது ஒரே ஆள்தான்.” வெர்லின் அவளைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னான். “ஹில்மர்.”

“உனக்குப் பைத்தியமா?”

ஹில்மர் ஆசெனுக்கு எண்பத்திரண்டு வயது. முப்பது வருடங்களுக்கு முன் இந்த எட்டு வருடக் கால வரம்புச் சட்டம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது, மூன்று மாவட்டங்களில் ஒவ்வொரு கதவாகத் தட்டி ஆதரவு திரட்டியவர். இன்றைக்கும் அதைத்தான் தன் ஆயுளின் வேலை என்பார்.

வெர்லின் வண்டியை அவர் பாதையில் திருப்பினான்.

ஹில்மர் கொட்டகையில் முழங்காலிட்டு, அப்போதுதான் விழுந்த கன்றைச் சாக்கால் தேய்த்துக்கொண்டிருந்தார். தாய்ப்பசு எட்டி நின்று பெருமூச்சு விட்டது. மார்லிஸ் இன்னொரு சாக்கை எடுத்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள்.

“ஏலத்துலேருந்து ஏற்கனவே போன் பண்ணிச் சொல்லிட்டானுங்க” என்றார் அவர். “தப்பா எழுதிட்டியாமே.”

“ஆமா.”

“அவ்வளவு பழகிப்போச்சு அந்த நாற்காலி.”

“இன்னும் ஒண்ணுதான் வேணும், ஹில்மர்.”

“எட்டு வருஷம் ஆனா வீட்டுக்குப் போங்கன்னுதான் சட்டம் போட்டோம்மா. வராந்தாவைத் தாண்டி எதிர் அவைக்குப் போங்கன்னு போடல.”

“சட்டத்துல அப்படி…”

“சட்டத்துல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்றியா? எழுதினவனோட நான் காப்பி குடிச்சிருக்கேன்.”

கன்று தலையை ஆட்டித் தும்மியது. அவர் மனைவி ஆர்டிஸ் நூற்று நாற்பது மைல் தள்ளி வேறோர் ஊரின் முதியோர் இல்லத்தில் இருந்தாள். அந்தப் பெயரை எடுத்தால் போதும் என்று மார்லிஸுக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். வெளியே வெர்லின் எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தான்.

“ஆர்டிஸைப் பாக்க நாளைக்குப் போறேன்” என்றார் ஹில்மர், அவள் நினைத்ததைக் கேட்டவர்போல. “போன தடவை என்னை அவ அண்ணன்னு நினைச்சுட்டா. வாரம் ஒருதடவை பாத்தா அப்படித்தான் ஆகும்.”

கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராகப் படித்தார். நேரம் ஒன்று நாற்பது. பேனாவின் மூடியைக் கழற்றி, முனையைக் கடைசி வரியின் மேல் வைத்து, எழுதாமல் நிமிர்ந்தார்.

“மசோதாவுக்குன்னு கேட்டா உடனே போட்டுடுவேன். ஆனா ஒண்ணு மட்டும் என் முகத்தைப் பாத்துச் சொல்லு, மார்லிஸ். அது நிறைவேறினதும், அந்தத் தவணையோடவே, நீ வீட்டுக்கு வந்துடுவேன்னு சொல்லு.”