மழை ஜெக்கெட்டில் தைத்த பெயர்

மடவளையில் புடைவைக் கடை என்றால் பாயிஸ் ஹாஜியாரின் கடைதான் என்று ஒரு காலம் இருந்தது. கடையை மூடிய பிறகும் அவர் துணியைக் கண்ணால் பார்ப்பதில்லை, விரலால்தான் பார்ப்பார். அப்படிப்பட்டவர் கண்டி நகரத்தின் ஒரு மாடிக் கடையில், வெளிநாட்டுக்குப் போகாமல் மிஞ்சிய கார்மென்ட் உடுப்புக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தெரிந்த முகம் எதுவும் படியேறி வருகிறதா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மகள் நப்லா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். குழுவோடு நக்கிள்ஸ் மலைக்குப் போய்க் கூடாரத்தில் தங்கப் போகிறாள். டிசம்பரில் அந்த மலை மழையையும் குளிரையும் சேர்த்தே இறக்கும். அவளுக்கோ சின்ன வயதிலிருந்தே இழுப்பு. போன வருடம் அங்கே நனைந்து வந்தவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்தவர் ஹாஜியார். “போகலாம், ஆனா நெஞ்சு நனையக் கூடாது” என்று டொக்டர் சொல்லியிருந்தார். போகலாம் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்த வாக்கை அந்த வீட்டில் யாரும் திருப்பி வாங்கியதில்லை.

“நல்ல மொத்தமான றப்பர் கோட் ஒண்டு எடுப்பமே மகள்?”

“அதப் போட்டுட்டு மல ஏறினா உள்ளுக்கு வேர்த்தே நனைஞ்சி போவன் வாப்பா. மழ உள்ளுக்கு வரவும் கூடா, வேர்வ உள்ளுக்கு நிக்கவும் கூடா. அப்பிடி ஒண்டுதான் வேணும்.”

கடைக்காரி சர்மிளா இரண்டு ஜெக்கெட்டுகளை மேசையில் விரித்தாள். ஒன்று சிவப்பு. நெஞ்சில் கம்பனி முத்திரை பளபளத்தது. ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. ஆனால் உள்ளே கையை விட்டதும் விரல் நின்றுவிட்டது. தையல்கள் வெறுமையாக இருந்தன. மற்றது மங்கிய பச்சை. உள்ளே ஒவ்வொரு தையலின் மேலும் தண்ணீர் புகாதபடி பட்டி ஒட்டியிருந்தது. தொப்பி நெற்றியை மூடியது, அக்குளில் காற்றுப் போக ஸிப் இருந்தது. சர்மிளா ஒரு கிளாஸ் தண்ணீரை அதன் மேல் கவிழ்த்தாள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

“பாருங்க ஹாஜியார், சேப்பங்கிழங்கு இலையில ஊத்துன மாதிரி ஓடுது!”

துணி மெய் சொன்னது. ஆனால் அதன் நெஞ்சில், இடப்பக்கம், கம்பனி முத்திரையை உரித்தெடுத்த தடம் வெளிறித் தெரிந்தது.

“இது எனத்த தழும்பு?”

“மிஞ்சுன சாமான்ல பேர உரிச்சிட்டுத்தான் குடுப்பாங்க. அதனால என்ன, மழைக்குப் படிக்கத் தெரியுமா?”

நப்லா சிரித்தாள். ஹாஜியார் சிரிக்கவில்லை. பச்சையையே வாங்கினார். ஆனாலும் அந்தத் தழும்பு அவரோடு பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்தது. மலைக்குப் போகும் குழுவில் கட்டுகஸ்தோட்டை ஃபாஸிலின் மகள் பஸ்னாவும் இருக்கிறாள். ஃபாஸிலின் புடைவைக் கடை இன்னும் ஓகோ என்று நடக்கிறது. ‘பாயிஸ் ஹாஜியார் மகளுக்குக் கழிச்ச உடுப்பு வாங்கிப் போட்டிருக்கிறார்’ என்று ஒரு வார்த்தை அங்கே போனால் போதும், ஜும்ஆ முடிந்து வெளியே வருமுன் ஊரெல்லாம் பரவிவிடும்.

அலுமாரியின் அடித்தட்டில் பழைய கடையின் பெயர்ப் பட்டிகள் மிச்சம் இருந்தன. ‘பாயிஸ் ஸ்டோர்ஸ், மடவளை’ என்று தங்க நூலில் நெய்தவை. நப்லா வீட்டில் இல்லாத பகல் பார்த்து ஜெக்கெட்டைத் தையற்கடைக்குக் கொண்டுபோய், தழும்பின் மேல் ஒரு பட்டியை வைத்து மெஷினில் இரட்டைத் தையல் போடச் செய்தார். தழும்பு மறைந்தது. நெஞ்சில் குடும்பத்தின் பெயர் நின்றது. அன்றுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

நப்லா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். உள்பக்கத்தைத் திருப்பி ஒருமுறை தடவினாள்.

“நல்லாத்தான் ஈக்கி வாப்பா” என்றாள்.

போகும் நாள் காலையில் பக்கத்து வீட்டு அகீலின் திரீவீலரில் அவளைக் குண்டசாலைச் சந்திக்குக் கூட்டிப்போய் வேனில் ஏற்றிவிட்டார். வேன் மறையும்போதே வானம் இருண்டது. திரும்பி வரும் வழியில் மழை கொட்டத் தொடங்கியது. ஹாஜியாரின் முழங்காலில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

“அகீல், ஒங்கட கூடாரம் ஒழுகுதே?”

“புது றெக்சின் ஹாஜியார்! போன மாசம்தான் போட்ட. தெச்ச எடத்தாலதான் ஒழுகுது. ஊசி போன ஓட்டையால தண்ணி வராம ஈக்குமா?”

ஹாஜியார் அண்ணாந்து பார்த்தார். றெக்சின் முழுவதும் உலர்ந்திருந்தது. தையல் ஓடிய கோட்டில் மட்டும், ஓட்டைக்கு ஒன்றாக, நீர்மணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மழைக்கு விரிக்கும் படங்கு விற்ற காலத்தில் தையலில் மெழுகு தேயுங்கள் என்று எத்தனை பேருக்கு அவரே சொல்லி அனுப்பியிருப்பார்! அந்த வாய்தான், மகளின் நெஞ்சுக்கு நேரே, இரட்டைத் தையல் போடு என்று சொல்லியிருக்கிறது.

“திருப்புங்க.”

“எங்க?”

“வேனுக்குப் பின்னால. வெரசா!”

கைபேசியில் நப்லாவைப் பிடித்தார். திகனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியிருப்பதாகச் சொன்னாள். “நில்லுங்க, நான் வாற” என்று சொல்லிக் கைபேசியை வைத்தார். வழியில் ஒரு பெட்டிக்கடையில் மெழுகுதிரி வாங்கிக்கொண்டார். வைப்பர் அசைகிற ஒவ்வொரு அசைவுக்கும் ‘யா அல்லாஹ், யா அல்லாஹ்’ என்று உதடு அசைந்தது. வேன் புறப்பட்டுவிட்டால்? மலைக்கு மேலே கைபேசியும் வேலை செய்யாது.

வேன் நின்றிருந்தது. தேநீர்க் கடையின் தாழ்வாரத்தில் எல்லோரும் இருந்தார்கள். பஸ்னாவும் இருந்தாள்.

“எனத்த வாப்பா, மெழுகுதிரியோட? கூடாரத்துக்கு லைட் ஈக்கி!” என்றாள் நப்லா. சிரித்த வாய், அவர் முகத்தைக் கண்டதும் மூடிக்கொண்டது.

“ஜெக்கெட்டக் கழட்டுங்க மகள். நெஞ்சில தெச்ச எடம் ஒழுகும்.”

நப்லா குனிந்துகொண்டாள். “தெரியும் வாப்பா. அண்டைக்கே உள்ளுக்குத் தடவிப் பாத்த.”

“தெரிஞ்சுமா போட்டுட்டு வந்தீங்க? எனத்துக்கு என்னட்டச் செல்லல்ல?”

“ஒங்கட கடப் பேரு வாப்பா. அத எப்பிடி நான் பிரிக்கிற?”

ஹாஜியார் ஜெக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். தன் பெயரைக் காப்பாற்றத்தான் மகள் நனையத் துணிந்திருக்கிறாள்! கடைக்காரரிடம் பிளேடு ஒன்று கேட்டு வாங்கினார். தையலைப் பிரிக்கத் தெரிந்த கை அது, துணியில் ஒரு கீறல்கூட விழவில்லை. பட்டி கழன்று வந்தது. வெளிறிய தழும்பும் அதைச் சுற்றி ஊசித்துளை வரிசையும் எல்லோர் கண் முன்னாலும் வெளிப்பட்டன.

மெழுகுதிரியைத் தேய்க்கப் போனவரைப் பஸ்னா தடுத்தாள்.

“வெச்சிடுங்க ஹாஜியார் மாமா. கூடாரம் கிழிஞ்சா ஒட்டுற டேப் எங்கள்ட்ட ஈக்கி. எடம் மட்டும் நல்லாக் காஞ்சி ஈக்கோணும்.”

ஹாஜியார் தன் தோள் சால்வையால் அந்த இடத்தை ஒற்றி ஒற்றி உலர்த்தினார். பஸ்னா உள்ளும் புறமும் டேப்பை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

“வாப்பாட்ட நான் ஒண்டும் செல்ல மாட்டன் மாமா.”

ஹாஜியார் நிமிர்ந்தார். “செல்லுங்க மகள். செல்லாட்டி ஒங்கட வாப்பா வேற கத கட்டுவாரு. பாயிஸ் ஹாஜியாரே தெச்சி, பாயிஸ் ஹாஜியாரே பிரிச்சாரு எண்டு உள்ளத உள்ளபடி செல்லுங்க.”

தாழ்வாரத்தின் ஓரத்தில் கூரைநீர் கொட்டும் இடத்தில் மகளை நிற்க வைத்தார். தண்ணீர் நெஞ்சில் அடித்து வழிந்தது. உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்த நப்லா, “காஞ்சி ஈக்கி” என்றாள். “இன்னும் கொஞ்சம் நில்லுங்க” என்றார். வேன்காரர் ஹோர்ன் அடிக்கும்வரை விடவில்லை.

வேன் மலைப்பக்கம் திரும்பியது. மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. அகீல் சீட்டைத் துடைத்துவிட்டு, “அந்தப் பக்கம் தள்ளி ஈரிங்க ஹாஜியார், ஒழுகுது” என்றான். அவர் தள்ளவில்லை. சட்டைப் பையில் பெயர்ப் பட்டியும் கைபேசியும் கிடந்தன. கைபேசியின் மேல் கையை வைத்தபடி, முழங்காலில் சொட்டு விழ விழ, தையலில் அடுத்த மணி திரள்வதையே பார்த்துக்கொண்டு போனார்.