மீன் பிடிக்கக்கூட எடுத்துட்டுப் போகலாம்

என் புருஷன் ஹோபர்ட்டைக் கொன்னது நிலக்கரித் தூசின்னு டாக்டர் சொல்வாரு. தூசி தின்னது அவர் நுரையீரலை. ஆளைக் கொன்னது டெல்மர் க்ரேஸ். கென்டக்கியில எந்த சர்ச் வாசல்ல வேணும்னாலும் நின்னு சொல்வேன்.

வீடுகளுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வாடகைக்கு விடுற கம்பெனி டெல்மருடையது. மூணு வருஷம் அரசு இன்சூரன்ஸ் வாடகை கொடுக்கும். அப்புறம் ரெண்டு வருஷம் மெஷினை நோயாளிகிட்டயே விட்டு, வாடகையில்லாமப் பராமரிக்கணும். அதுதான் சட்டம். அந்த ரெண்டு வருஷம் டெல்மருக்கு வயித்தெரிச்சல். அதே மெஷினைப் பிடுங்கி வேற வீட்டுல வெச்சா, திரும்ப முதல் மாசத்துலேருந்து பில் போடலாமே!

ஹோபர்ட் மெஷினுக்கு மூணு வருஷம் முடிஞ்சதும், நான் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போயிருந்தப்ப எங்க வீட்டுக்கு வந்தான். ஹோபர்ட் போன்ல சின்னப் பிள்ளையாட்டம் சிரிச்சாரு.

"வெர்னா, புது மெஷின் தர்றாங்களாம்டி! சுரங்கத்துக்குக் கொண்டுபோவேனே சாப்பாட்டு வாளி, அந்த அளவுதானாம். மீன் பிடிக்கக்கூட எடுத்துட்டுப் போகலாமாம். பழசைக் கொடுத்துட்டுக் கையெழுத்தும் போட்டாச்சு. புதுசு சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

"பாவி மனுஷா, புதுசு கைக்கு வராம பழசை ஏன்யா கொடுத்தே?"

ஓடி வந்து பார்த்தா, வாசப்படியில உட்கார்ந்திருந்தாரு. மடியில தூண்டில், உதடெல்லாம் நீலம். அவசரத்துக்கு வெச்சிருந்த சிலிண்டரையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிருந்தான் படுபாவி. ஆம்புலன்ஸ்ல போனவர் திரும்பி வரலை. போலீஸ்ல புகார் கொடுத்தேன். "தானே விரும்பித் திருப்பிக் கொடுத்திருக்காரேம்மா"ன்னு கையெழுத்தைக் காட்டி அனுப்பிட்டாங்க.

அழுது முடிச்சதும் இன்சூரன்ஸுக்கு பில் போடுற படிப்பு படிச்சேன். எந்த மெஷினுக்கு என்ன குறியீடு, எந்த மாசம் எது செல்லும், எல்லாம் கத்துக்கிட்டு, கல்யாணத்துக்கு முந்தின பேருல டெல்மர்கிட்டயே வேலைக்குச் சேர்ந்தேன். தங்கமான பொம்பளைன்னான். தினம் காபி போட்டுக் கொடுத்தேன். அதுல எதுவும் கலக்கலை. அவ்வளவு சுலபமா அவனை விடுறதா இல்லை.

யாருக்கு மூணு வருஷம் முடியுதுன்னு முதல்ல தெரியுறது பில் போடுறவளுக்குத்தான். மெஷினை எடுக்க வண்டி கிளம்புறதுக்குள்ள அந்த வீட்டுக்கு என் போன் போயிடும். "மெஷினைக் கொடுக்காதீங்க. எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க." ஒரு அம்மா நைட்டியோட மெஷின் மேலயே ஏறி உட்கார்ந்துட்டாங்களாம். இன்னொருத்தர் நாயை அவுத்து விட்டாராம். டிரைவருங்க வெறும் வண்டியோட திரும்புனாங்க.

"ஒருத்தனுக்கும் பேசத் தெரியலை. நானே போறேன்"னான் டெல்மர்.

இதுக்குத்தானே காத்திருந்தேன்! டிரைவர் மாட்டினா அவன் தலையில கட்டிட்டு இவன் தப்பிச்சுடுவான். இவன் வாயே இவனைக் கட்டிப்போடணும். இன்சூரன்ஸ் மோசடியைப் பிடிக்கிற ஆபீசுக்குப் போன் போட்டேன்.

அவன் போன வீடு ஆர்லிஸ் ப்ளெவின்ஸுடையது. பழைய சுரங்கத் தொழிலாளி, மெஷின் நின்னா நாலு எட்டு நடக்க முடியாது. அன்னைக்கு நான் லீவு போட்டுட்டு அவர் வீட்டு அடுப்படியில நின்னேன். கூடத்துல ஆர்லிஸோட தங்கச்சி மகள் மாதிரி அந்த மோசடி பிடிக்கிற ஆபீஸ் பொம்பளை உட்கார்ந்து, சோள ரொட்டியை பீன்ஸ் குழம்புல தொட்டுச் சாப்பிட்டுட்டிருந்தா.

"பெரியவரே, இந்தப் பழைய டப்பாவோட எதுக்கு மல்லுக்கட்டுறீங்க? புதுசு சாப்பாட்டு வாளி அளவுதான்"னான் டெல்மர்.

"அதை வெச்சுக்கிட்டு நான் எங்கே தம்பி போகப்போறேன்?"

"மீன் பிடிக்கக்கூட எடுத்துட்டுப் போகலாம்."

அதே வார்த்தை. எத்தனை வீட்டுல ஓதினானோ!

"புதுசு வண்டியில இருக்கா?"ன்னு கேட்டா ஆபீஸ்காரி.

"நாளைக்கு வரும்மா. பழசை இப்பக் கொடுத்துடுங்க."

"ராத்திரிக்கு மாமா என்ன பண்ணுவாரு?"

"ஒரு ராத்திரிதானே? சுரங்கத்துல புரண்ட உடம்பு, தாங்கும்."

அவ கையைத் துடைச்சுட்டு அடையாள அட்டையை மேசை மேல வெச்சா. டெல்மர் முகம் வெளுத்துப்போச்சு. நான் அடுப்படியிலேருந்து வெளியே வந்தேன்.

"நீ இங்கே என்ன பண்றே?"

"நான் ஹோபர்ட் ஸ்டிடமோட பொண்டாட்டி."

"யாரு?"

நடிக்கலை. நிஜமாவே அவனுக்கு ஞாபகம் இல்லை. இத்தனை வருஷமா அவன் மூஞ்சியில வீசணும்னு சேர்த்து வெச்ச பேச்செல்லாம் எனக்குள்ளயே செத்துப்போச்சு.

டெல்மர் காலரைத் தளர்த்தினான். வேர்த்துக் கொட்டுச்சு, மூச்சு இழுத்துச்சு. பாதி திறந்திருந்த ஜன்னலைக் காட்டினான்.

"அதை முழுசாத் திற... கொஞ்சம் காத்து..."

நான் போய் ஜன்னலை இழுத்துச் சாத்திக் கொக்கியை மாட்டினேன்.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடும்"னேன்.