நாலு பக்கமும் சீல்

எனக்குச் சக்களத்தி ஒருத்தி அல்ல, மூன்று இரும்புப் பெட்டி நிறைய இருந்தார்கள். கல்யாணமாகி வந்த அன்றே கட்டிலுக்கடியில் கால் இடித்தது. குனிந்து பார்த்தால் பெட்டி. "ஐயோ, பாத்து! அதுல என் காமிக்ஸ் இருக்கு" என்றார் வீட்டுக்காரர். காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்காக அந்த ஐயோ வரவில்லை என்பது புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அவருக்கு வேலை பிளாஸ்டிக் தொழிற்சாலையில். மழைக்கோட்டு, சான்றிதழ் போட்டு வைக்கும் கவர், பஸ் பாஸ் உறை, இந்த மாதிரி வழவழவென்று கண்ணாடி போல் இருக்கும் மெத்தென்ற ஷீட்டில் செய்கிற சாமான்கள். ஷீட்டை மடித்து ஓரத்தைச் சூட்டில் ஒட்டுகிற மெஷினில் இவர் நின்றார். பையன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பெட்டியில் பூச்சி புகுந்து, நாலைந்து புத்தகத்தின் முதுகை அரித்துவிட்டது. அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. எழவு விழுந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் இந்த யோசனை. மேஸ்திரியைக் கெஞ்சி, வேலை முடிந்ததும் கழிவு ஷீட்டை எடுத்து, ஒவ்வொரு புத்தகத்தையும் நடுவில் வைத்து, நாலு பக்கமும் மெஷினில் சீல் வைத்துக்கொண்டு வந்தார். தினமும் இரண்டு மூன்று. மூன்று பெட்டியும் முடியும்வரை வீட்டுக்கு நேரத்தோடு வந்ததே இல்லை.

"இனிமே காத்து போகாது, தண்ணி போகாது, பூச்சி போகாது. நூறு வருஷம் ஆனாலும் இப்படியேதான் இருக்கும்" என்றார்.

"நீங்க இருப்பீங்களா நூறு வருஷம்? அப்புறம் யாரு படிக்கறது?"

"ரிட்டயர் ஆனதும் ஒவ்வொண்ணா வெட்டி நிதானமா படிப்பேன். நீ வேணா பாரு."

பார்த்தேன், பார்த்தேன், அட்டையை மட்டும்தான் பார்த்தேன். லீவு நாளில் பெட்டியைத் திறந்து கட்டில் முழுக்கப் பரப்புவார். உட்கார இடம் இருக்காது. கவருக்குள் படங்கள் அன்று அச்சடித்தவை போல் பளபளவென்று இருக்கும். கடலுக்கடியில் துப்பறிகிற ஒருவன் கதைதான் பாதிக்கு மேல். நான் அவனுக்குத் தண்ணி மனுஷன் என்று பேர் வைத்திருந்தேன். "அவனுக்குச் சளி பிடிக்காதாங்க?" என்று கேட்பேன். அவருக்குக் கோபம் வராது. "இங்க வா, பாரு" என்று என் கையைப் பிடித்து இழுப்பார். "தண்ணிக்கு நீலமே அடிக்கல பாத்தியா? வெள்ளைய அப்படியே விட்டிருக்கான். ஆனா தண்ணி தெரியுது. எப்பேர்ப்பட்ட கை அது!" வெளியே முகத்தைச் சுளித்தாலும் எனக்கும் அந்தத் தண்ணீர் தெரிந்தது. அதைச் சொல்லி அவரை என் தலையில் ஏற்றிக்கொள்ள நான் என்ன பைத்தியமா?

பையனுக்குத்தான் பொறுக்காது. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒன்றையாவது வெட்டித் தரச் சொல்லி அழுவான். "கவரோட பாருடா, கதைய நான் சொல்றேன்" என்பார் இவர். சொல்லவும் சொல்வார், குரலை மாற்றி, சுறா மாதிரி வாயைப் பிளந்து, ஒரு வரி விடாமல். ஆனாலும் பிள்ளைக்குப் பக்கத்தைப் புரட்ட வேண்டும். ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போய்விட்டான். இவர் அவனை அடிக்கவில்லை. பெட்டிக்குப் பூட்டு வாங்கி வந்தார். "நீங்க புத்தகத்தப் பெத்தீங்களா, இவனப் பெத்தீங்களா?" என்று தெருவே கேட்கும்படி நான் கத்தினேன். அதற்கப்புறம் அவன் கேட்கவே இல்லை. படித்து, கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போய்விட்டான்.

ரிட்டயரும் ஆனார். வெட்டினாரா? இல்லை. கை நடுங்குகிறது, கத்தி உள்ளே பட்டுவிடும் என்றார். மழைக்காலம், ஈரம் ஏறும் என்றார். வெயில் காலத்தில் வியர்வை என்றார். மனிதர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தபோது கண் போக ஆரம்பித்தது.

கண்ணுக்குள் அழுத்தமாம். இடது கண் எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டிருந்தது. வலது கண்ணில் நடுவில் கொஞ்சம் மிச்சம். "போனது திரும்ப வராதும்மா. இருக்கறதக் காப்பாத்தலாம். சொட்டு மருந்த ஒரு வேள கூட விடக்கூடாது" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இவரைப் பார்த்துச் சொல்லிப் பிரயோசனமில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் டீ போட்டுக்கொண்டு வந்தேன். வாங்கவில்லை.

"இந்தா, அவனுக்குப் போன் போடு" என்றார். "எல்லாத்தையும் வெட்டிடலாம். உள்பக்கத்த ஒரே ஒரு தடவ பாத்துடறேன். அதுக்கப்புறம் கண்ணு போனா போகட்டும்."

இத்தனை வருஷத்தில் அவர் எதற்கும் என்னிடம் கெஞ்சியதில்லை. உடனே பையனுக்குப் போன் போட்டேன்.

பையன் மறுவாரமே வந்துவிட்டான். தோளில் ஒரு ஸ்கேனர். கூடவே கடையிலிருந்து ஆள் வைத்துச் சுவர் அளவுக்கு ஒரு டிவி. "ஒவ்வொரு பக்கமா ஸ்கேன் பண்ணி இதுல பெருசா போடறேன்ப்பா. ஒரு கட்டமே ஒரு ஆள் உயரம் தெரியும். உங்களால பாக்க முடியும்" என்றான். இவர் குளித்து, சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். புது மாப்பிள்ளை தோற்றான். கேலி செய்யலாம் என்று வாயைத் திறந்தவள், அந்த முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

பூட்டுச் சாவியைப் பையன் கையில் கொடுத்தார். "உள் ரூம்ல வச்சு வெட்டு. ஃபேன் போடாத, பக்கம் பறக்கும். கையக் கழுவிக்கோ."

நான் வாசல் அறைக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பையன் முதல் கவரின் ஓரத்தை வெட்டினான். ஒரு வாடை வந்தது, வெயிலில் கிடந்த மழைக்கோட்டு வாடை. ஷீட்டைத் தூக்கினான். டர்ரென்று சத்தம். தண்ணி மனுஷன் முகம், கை, பின்னாலிருந்த கடல் எல்லாம் ஷீட்டோடு வந்துவிட்டது. கீழே அட்டை வெள்ளையாகக் கிடந்தது.

"அம்மா, இங்க வாயேன்" என்றான்.

கையில் எடுத்துப் பார்த்தேன். பிசுபிசுவென்று எண்ணெய். புரட்டப் பக்கமே இல்லை. சோப்புக் கட்டி மாதிரி எல்லாம் சேர்ந்து ஒன்றாகிவிட்டிருந்தது. நகத்தை விட்டுப் பிரித்தால் பிய்ந்து வந்தது.

"இந்த மெத்து பிளாஸ்டிக்ல எண்ணெ கலப்பாங்கம்மா, வளையறதுக்காக. வருஷம் ஆக ஆக அது வெளிய கசியும். நாலு பக்கமும் அடைச்சு வேற வச்சிருக்கார். மைய எல்லாம் குடிச்சிருச்சு" என்றான்.

"அடுத்தத வெட்டு" என்றேன்.

வெட்டினான். அதற்கு அடுத்ததையும். இரண்டாவது பெட்டியிலிருந்து, மூன்றாவதிலிருந்து, அடியிலிருந்து, நடுவிலிருந்து. டர்ர், டர்ர். ஒவ்வொரு தடவையும் படம் ஷீட்டில் வந்தது, கட்டி கையில் நின்றது. பூச்சியிடம் விட்டிருந்தால்கூடப் பாதியாவது மிஞ்சியிருக்கும். பாவி மனிதன், கண்ணும் கருத்துமாகத் தன் கையாலேயே கொன்று வைத்திருக்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டேன், சத்தம் வராமல். பையன் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டான். சின்ன வயதில் தொட விடாததை இன்றைக்குத்தான் முதல்முதலாகத் தொடுகிறான். அதுவும் இப்படி.

"என்னடா ஆச்சு? ஒண்ணையாவது போடு!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

ஒரு கட்டியின் நடுவிலிருந்து ஒரு தாளை எப்படியோ கிழிக்காமல் உரித்தெடுத்தான் பையன். எதிர்ப் பக்கத்து மை இதில் ஏறி, இது அதில் ஏறி, ஒரே சேறு. எங்கோ ஒரு கறுப்புக் கோடு வில் போல வளைந்திருந்தது. சுறாவின் முதுகாக இருக்கலாம். அதை ஸ்கேன் பண்ணி டிவியில் போட்டான். வேறு என்ன செய்வான்?

திரை முழுக்கப் பழுப்பும் கறுப்புமாகக் கலங்கி நின்றது. இவர் நாற்காலியிலிருந்து முன்னால் வந்தார். இன்னும் வந்தார். மூக்கு திரையில் இடித்தது. தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, மிச்சமிருந்த அந்தத் துளிப் பார்வையால் மூலை மூலையாகத் தேடினார். டிவி வெளிச்சம் அவர் முகத்தில் அழுக்காக விழுந்தது.

"ஒண்ணும் தெரியலயே" என்றார். தொழிற்சாலையில் இத்தனை காலம் ஷீட்டோடு நின்றவருக்கு, உள்ளிருந்து வந்த டர்ர் சத்தம் என்னவென்று புரியாமலா இருந்திருக்கும்? மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. போனது என் கண்ணா, புத்தகமா?"

பையன் என்னைப் பார்த்தான். இவரிடம் நான் எதையும் மறைத்துப் பேசியவள் இல்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அதனால்தான் என்னைக் கேட்கிறார். அவருடைய இரண்டு கையும் முன்னால் நீண்டு, எதையோ வாங்கிக்கொள்ளப் போவது போல் நின்றன. அந்தக் கையில் எதை வைப்பேன்?

"கண்ணுதாங்க" என்றேன். "படம் ஜோரா இருக்கு. உங்களுக்குத்தான் தெரியல."

அவர் தோள் தளர்ந்தது. துக்கம் என்று நினைத்தேன். இல்லை, நிம்மதி.

"புத்தகம் நல்லாருக்கா?"

"அப்படியே இருக்குப்பா" என்றான் பையன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொன்னான்.

"தண்ணி? வெள்ளையாவே இருக்கா?"

"வெள்ளையாவே இருக்கு" என்றேன்.

"அதான பாத்தேன்! நான் வச்ச சீலாச்சே!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் நின்று கேட்க முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அன்று சாயங்காலமே பெட்டிகளைப் பையனோடு அனுப்பினார். "எல்லாம் உனக்குத்தான்டா. சின்ன வயசுல கேட்ட, கொடுக்கல. என்ன செய்ய, எனக்கு மனசு வரல. இப்ப ஆசை தீரப் படி" என்று அவன் தலையைத் தடவினார். பிள்ளை "சரிப்பா" என்று பெட்டிகளை வண்டியில் ஏற்றினான். அவன் முகத்தை இங்கே எழுதச் சொன்னால் என்னால் ஆகாது. மறுநாள் போன் பண்ணினான். வழியில் ஒரு குப்பைமேட்டில் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டானாம். அந்த வாடையோடு வண்டி ஓட்ட முடியவில்லையாம்.

முந்தின நாள் அமளியில் விட்டுப்போன சொட்டு மருந்தோடு, அந்தப் போனுக்கு அப்புறம்தான் இவர் பக்கத்தில் போனேன். என் கையைத் தள்ளினார்.

"வேணாம், விடு. போன கண்ணுக்கு எதுக்கு மருந்து?"

இதை நான் யோசிக்கவே இல்லை. "இல்லைங்க, இன்னும் கொஞ்சம் இருக்கு. டாக்டர் சொன்னாருல்ல?"

"அவ்ளோ பெரிய டிவில தெரியல. இனி என்ன இருக்கு? இனிமே நான் எதப் பாக்கணும்?"

கெஞ்சினேன். திட்டினேன். கடைசியில் உடைத்தும் சொன்னேன். "புத்தகம்தாங்க போச்சு. எல்லாம் ஒட்டிக்கிச்சு. உங்க கண்ணு நல்லாதான் இருந்துது. நான்தான் பொய் சொன்னேன்."

அவர் என் முகம் இருக்கும் திசையைப் பார்த்துச் சிரித்தார். "உனக்குப் பொய் சொல்ல எங்க வரும்? மருந்து ஊத்தணும்னு என் புத்தகத்தச் சாகடிக்கிறியே, உனக்கே நல்லாருக்கா?"

பையனைப் போனில் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். "அம்மாவும் பிள்ளையும் கூட்டு சேந்துட்டீங்களாக்கும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கையில் வைத்துக் காட்ட ஒரு துண்டுகூட வீட்டில் இல்லை. ஒட்டிய ஷீட்டுகளை நானேதான் பெருக்கி அள்ளிக் கொட்டியிருந்தேன். டாக்டரிடம் வர மறுத்தார். தூங்கும்போது இமையைப் பிரித்து ஊற்றப் பார்த்தேன். சின்னப் பிள்ளை மாதிரி இறுக்கி மூடிக்கொண்டார். மருந்து கன்னத்தில் வழிந்தது.

கவலையே இல்லாத மனிதராகிவிட்டார் இப்போது. வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தன் புத்தகங்கள் பிள்ளை வீட்டில் பத்திரமாக இருப்பதைச் சொல்கிறார்.

நேற்று டீ டம்ளரை நீட்டினேன். கை டம்ளருக்கு இந்தப் பக்கம் காற்றைப் பிடித்தது. மறுபடி துழாவியது. நான் அவர் விரல்களைப் பிடித்து டம்ளரில் வைத்தேன்.

"பாத்தியா?" என்றார். "அன்னிக்கு நீ சொன்னது சரிதான்."